வெளிநாட்டு வகுப்பறைக்குப் போக எந்த வழி? கடலூர், புதுச்சேரி ஆசிரியர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டுக்கு ஓரிரு முறை ஒரு பி.டி.எஃப். சுற்றுக்கு வரும். அமெரிக்காவில் ஆறு வாரம், ஜப்பானில் ஒன்றரை ஆண்டு, பிரான்சில் கோடைக்காலப் பயிற்சி என்று ஏதாவது ஒன்று. பெரும்பாலும் கடைசித் தேதி நெருங்கிய பிறகுதான் நம் கைக்கு வந்து சேர்கிறது. "இதெல்லாம் பெரிய ஊர்க்காரங்களுக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படி நகர வேண்டியதில்லை. மஞ்சக்குப்பத்திலோ லாஸ்பேட்டையிலோ பாடம் நடத்தும் ஒருவருக்கு எட்டக்கூடிய வழிகள் பல உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்கானது. வயது, பாடம், வீட்டு நிலைமை, பள்ளியில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

எந்தத் திட்டமானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். அங்கே போய் இன்னொரு ஆசிரியரின் வகுப்பில் எத்தனை மணி நேரம் உட்காரப் போகிறோம்? பாடம் முடிந்தபின் அவரோடு உட்கார்ந்து "அந்தப் பையன் அப்படிக் கேட்டபோது ஏன் நீங்கள் பதில் சொல்லாமல் காத்திருந்தீர்கள்" என்று பேச வாய்ப்பு இருக்கிறதா? அது இருந்தால் திட்டம் நல்லது. இல்லையென்றால், எவ்வளவு தூரம் பறந்தாலும் நம் தொழிலுக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. திரும்பி வந்து நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது கைகொடுப்பது அந்த மணி நேரங்கள்தான்.

இந்த அளவுகோலில் பார்த்தால் நம் ஆசிரியர்களுக்குத் திறந்திருப்பவற்றில் முன்னால் நிற்பது ஃபுல்பிரைட் எனும் அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற உதவித்தொகை. இந்தியாவும் அமெரிக்காவும் 1950 இல் போட்ட ஒப்பந்தத்தின்படி நடப்பது. இங்கே அதைக் கவனித்துக்கொள்வது யு.எஸ்.ஐ.இ.எஃப். எனப்படும் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை, சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. கல்லூரிப் பேராசிரியர்களுக்கானது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களுக்கென்றே அதில் இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, டி.இ.ஏ. எனப்படும் ஆறு வாரத் திட்டம். உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் நடத்துவோருக்கும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களுக்கும் உரியது. பல நாட்டு ஆசிரியர்கள் ஒரு குழுவாக ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தங்குகிறார்கள். கருத்தரங்குகளோடு, அருகிலுள்ள பள்ளி ஒன்றில் உள்ளூர் ஆசிரியருடன் இணைந்து வகுப்பைக் கவனிப்பதும் நடத்துவதும் திட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. விமானச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

இரண்டாவது, டி.ஏ.ஐ. எனப்படும் ஒரு பருவகாலத் திட்டம். ஏறத்தாழ நான்கு மாதம். பல்கலைக்கழகத்தில் பாடங்கள் எடுத்துப் படிக்கலாம், பள்ளிகளுக்குப் போகலாம், நம் வகுப்பறையில் நமக்கு இருக்கும் ஒரு சிக்கலை ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொண்டு செய்து முடிக்க வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இதற்கு விண்ணப்பிக்க முடிகிறது என்பது பெரிய விஷயம். வெளிநாட்டுத் திட்டம் என்றாலே அவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டில் எது? நான்கு மாதம்தான் ஆழமானது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது அவ்வளவு நேரான கணக்காகப் படவில்லை. நம் மாவட்டத்தில் ஈராசிரியர் பள்ளிகள் எத்தனையோ இருக்கின்றன. ஒருவர் நான்கு மாதம் போனால் மீதி ஒருவர் ஐந்து வகுப்பையும், எமிஸ் எனும் பள்ளித் தகவல் இணையப் பதிவையும், காலை உணவையும், கூட்டங்களையும் தனியாகச் சுமப்பார். மாற்றுப் பணியில் ஆள் அனுப்புவார்கள் என்று எழுத்தில் உறுதி கிடைக்காமல் அங்கிருந்து ஒருவர் கிளம்புவது பிள்ளைகளுக்கு நியாயமில்லை. அத்தகைய பள்ளியில் இருப்பவர் முதலில் அந்த உறுதியைக் கேட்கட்டும், பிறகு விண்ணப்பத்தைத் திறக்கட்டும். மேல்நிலைப் பள்ளியில் ஒரே பாடத்துக்கு மூன்று பேர் இருக்கும் இடத்திலிருந்து போவது வேறு கதை.

ஆறு வாரத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. குழு ஜனவரிக்குப் பிறகு கிளம்புவதாக அமைந்தால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக் காலம் அப்படியே போய்விடும். பொதுத்தேர்வு வகுப்பு எடுப்பவர்கள் அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு மாற்றிக் கொடுக்கும்படி தலைமையாசிரியரிடம் ஜூன் மாதமே பேசி வைப்பது நல்லது.

சிறப்பாசிரியர்களுக்கு மட்டும் தயக்கமில்லாமல் அமெரிக்காவைச் சொல்வேன். மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கல்வித் திட்டம் எழுத வேண்டும் என்பது அங்கே 1975 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வரும் நடைமுறை. பெற்றோர், வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தத் திட்டத்தைப் பேசி முடிப்பார்கள். நம் நாட்டில் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்த மேசை எப்படி இருக்கும், யார் முதலில் பேசுவார், தாயார் அழுதால் என்ன செய்வார்கள் என்பதை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. அதை நேரில் பார்ப்பதற்கு ஆறு வாரம் தாராளமாகப் போதும்.

ஜப்பானைப் பற்றி நம் வட்டாரத்தில் பேச்சே இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. ஐந்து ஆண்டு கற்பித்தல் அனுபவமும் 35க்குக் குறைந்த வயதும் வேண்டும். தூதரகத்தின் வழியாக விண்ணப்பம். மொத்தம் ஒன்றரை ஆண்டு. அதில் முதல் ஆறு மாதம் ஜப்பானிய மொழிப் பயிற்சி, மீதி ஒரு கல்வியியல் பல்கலைக்கழகத்தில். மாதம் 1,43,000 யென் அளவில் உதவித்தொகை, கட்டணம் கிடையாது, விமானச் செலவும் தருகிறார்கள். முடிவில் கிடைப்பது சான்றிதழ், பட்டம் அல்ல.

வயது வரம்புதான் இங்கே பெரிய சுவர். அரசுப் பணி கிடைக்கும்போதே முப்பதைத் தாண்டிவிடுபவர்கள் நம்மிடம் ஏராளம். ஆனால் தனியார் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டு பாடம் நடத்திக்கொண்டிருக்கும் இளைஞர்கள் நெய்வேலியிலும் விருத்தாசலத்திலும் புதுச்சேரியிலும் நிறைய இருக்கிறார்கள். திருமணம், வீட்டுக் கடன் இவையெல்லாம் இன்னும் தோளில் ஏறாத வயது. குறைந்த சம்பளத்தில் உழைத்துக்கொண்டிருக்கும் அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

ஏன் ஜப்பான் என்று கேட்டால், வகுப்பின் அளவு ஒரு காரணம். ஃபின்லாந்தைப் பற்றி நாம் கேட்டுக் கேட்டு வியக்கிறோம். இருபது பிள்ளைகளும், முதுகலைப் பட்டம் கட்டாயமான ஆசிரியரும் இருக்கும் வகுப்பு அது. அங்கே பார்ப்பதை அப்படியே குறிஞ்சிப்பாடிக்குக் கொண்டுவர முடியாது. ஜப்பானில் தொடக்க வகுப்புக்கே உச்சவரம்பு நெடுங்காலம் 40 ஆக இருந்து, 2021க்குப் பிறகு படிப்படியாக 35 ஆகக் குறைந்தது. நிறைந்த வகுப்பு, ஒரு கரும்பலகை, ஒரு ஆசிரியர். நமக்குப் பழகிய காட்சி. அந்தக் காட்சிக்குள்ளேயே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

அவர்களுடைய ஆசிரியர் வளர்ச்சிக்கு முதுகெலும்பு, ஜுக்யோ கென்க்யூ என்று அவர்கள் அழைக்கும் பாட ஆய்வு. நூறு ஆண்டுக்கு மேலாக நடந்துவருவது. நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையை வாரக் கணக்கில் திட்டமிடுவார்கள். பின்னக் கூட்டலை எந்தக் கேள்வியில் தொடங்குவது, பிள்ளைகள் எந்தத் தவறான விடையைச் சொல்வார்கள், அதைப் பலகையில் எங்கே எழுதுவது என்ற அளவுக்கு நுணுக்கமாக. பிறகு ஒருவர் அந்தப் பாடத்தை நடத்துவார். மற்றவர்கள் வகுப்புக்குள் நின்று கவனிப்பார்கள். அவர்கள் கவனிப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்த பெண் எந்த நிமிடத்தில் எழுதுவதை நிறுத்தினாள், யாரைப் பார்த்து விடையை மாற்றினாள் என்று குறித்துக்கொள்வார்கள். மாலையில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். நடத்தியவருக்கு மதிப்பெண் போடும் பேச்சே அங்கே இல்லை. நாம் எல்லோரும் சேர்ந்து செய்த திட்டம் எங்கே பிசகியது என்பதுதான் பேச்சு.

இதை, அக்கம்பக்கப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் நம் குறுவள மையக் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கருத்தாளர் பவர்பாயிண்ட் காட்டுகிறார், நாம் கையெழுத்துப் போடுகிறோம், தேநீர் வருகிறது. அதே கூட்டத்தை, அதே ஆட்களை, அதே நேரத்தை வைத்துக்கொண்டு பாட ஆய்வு நடத்த முடியும். ஒரு ரூபாய் கூடுதல் செலவு இல்லை. கடலூர் மாவட்டத்திலிருந்து ஒருவர் ஜப்பான் போய் ஒன்றரை ஆண்டு இதில் ஊறிவிட்டு வந்து, வடலூரில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுத்தால், அதன் பலன் எத்தனை பள்ளிக்குப் போகும் என்று நினைக்கும்போதே எனக்கு ஆசையாக இருக்கிறது.

இன்னொன்றும் ஜப்பானில் நமக்கு நெருக்கமானது. 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை வந்தபோது கமைஷி நகரத்தில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். ஆண்டுக்கணக்கில் பள்ளியிலேயே பழக்கியிருந்த பயிற்சி அது. 2004 இல் தேவனாம்பட்டினத்திலும் சாமியார்பேட்டையிலும் நாம் இழந்தது என்ன என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் புயல் என்று வரிசையாகப் பார்த்துவிட்டோம். கடற்கரைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் ஜப்பானில் பேரிடர்க் கல்வி எப்படிப் பாடவேளைக்குள் இருக்கிறது என்பதையே தன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம். நேர்காணலில் இதைவிட உண்மையான காரணம் யாரும் சொல்லிவிட முடியாது.

அரசே அனுப்பும் பயணங்களுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கனவு ஆசிரியர் திட்டத்தில் தேர்வெழுதி முன்னணியில் வந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் 2024 இல் பிரான்சுக்குப் போய்வந்தார்கள். பஞ்சாப் அரசு 2023 பிப்ரவரியில் 36 பள்ளி முதல்வர்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. டெல்லி அரசு ஃபின்லாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குக் கடவுச்சீட்டே முதல்முறையாகக் கிடைப்பதும், அரசாங்கம் நம்மை மதித்து அனுப்புகிறது என்ற உணர்வும் சின்ன விஷயமில்லை. பிள்ளைகளிடம் அவர் திரும்பி வந்து சொல்லும் கதைகளுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஒரு வார அளவிலான இத்தகைய பயணங்களில் வகுப்பறை நேரம் மிகக் குறைவு. வாய்ப்பு வந்தால் மகிழ்ச்சியோடு போங்கள், பாராட்டாக ஏற்றுக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு வேறு வழியைத் தனியாகத் தேடிக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு நடத்துபவர்களுக்கு இருக்கும் வசதி தமிழ்நாட்டில் யாருக்கும் இல்லை. கடற்கரையை ஒட்டிப் பிரெஞ்சுத் துணைத்தூதரகம், 1889 முதல் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ், 1826 இல் தொடங்கிய லிசே பிரான்சே, எல்லாம் நடந்து போகும் தூரத்தில். பிரெஞ்சைப் பிறமொழியாகக் கற்பிப்பவர்களுக்கு பெசான்சோன் நகரின் சி.எல்.ஏ. மையமும் விஷி நகரின் கவிலாம் மையமும் கோடையில் சில வாரப் பயிற்சிகள் நடத்துகின்றன. பிரெஞ்சுத் தூதரகத்தின் உதவித்தொகை அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோடை என்றால் அவர்களுடைய ஜூலை. நம் விடுமுறையோடு ஒத்துப்போகாது. படிப்பை முடித்த கையோடு இருக்கும் இளையவர்களுக்கு மொழி உதவியாளர் திட்டம் இன்னும் நல்லது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதம் பிரெஞ்சுப் பள்ளிகளில் வாரம் 12 மணி நேரம் ஆங்கிலம் பேசவைக்கும் வேலை, அதற்கு மாதாந்தர ஊதியம். நான் முதலில் சொன்ன அளவுகோலில் பார்த்தால், வகுப்பறைக்குள் இருக்கும் நேரம் இதில்தான் தாராளம்.

தமிழாசிரியருக்கு என்ன? ஃபுல்பிரைட் டி.இ.ஏ. பாடப் பட்டியலில் தமிழ் இல்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. ஏனென்றால் தமிழ் கற்பித்தலை வேறு சூழலில் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதே இல்லை. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசுப் பாடத்திட்டத்தோடு நடக்கின்றன. சிங்கப்பூரில் தமிழாசிரியர் பயிற்சிக்கும் பாட வளத்துக்கும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் பேசிவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அவர்கள் தமிழ்ப் பேச்சை எப்படி ஊட்டுகிறார்கள் என்பது, ஆங்கில வழி வகுப்புகள் பெருகிவிட்ட நம் ஊருக்கும் இன்று தேவைப்படும் அறிவு. அவர்களுக்கும் நம்மிடம் கற்க இருக்கிறது. இரு பக்கமும் ஆசிரியர்கள் மாறிமாறி ஒரு பருவம் பணியாற்றும் ஏற்பாட்டை நம் ஆசிரியர் சங்கங்கள் கோரிக்கையாக எடுத்துச் செல்ல வேண்டும். ஊதியக் கோரிக்கைகளின் பட்டியலில் இதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.

அதுவரை இணையவழி இணைப்பு இருக்கிறது. இதில் நேர வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அமெரிக்கப் பள்ளியோடு நேரலை வகுப்பு நடக்காது. நமக்குக் காலை பத்து என்றால் நியூயார்க்கில் நள்ளிரவு நெருங்கியிருக்கும். மலேசியா, சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னால். நம் காலை இரண்டாம் பாடவேளை அவர்களுக்கு நண்பகலை ஒட்டி வரும். சிதம்பரம் பக்கத்துப் பள்ளியொன்று பிச்சாவரம் சதுப்புநிலத்தையும், பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளியொன்று அங்குள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டையும் வைத்து ஒரு பருவம் முழுக்கச் சேர்ந்து வேலை செய்யலாம். மொழித் தடையே கிடையாது. புதுச்சேரி பிரெஞ்சு வகுப்புகளுக்கு ரீயூனியன் தீவு பொருத்தம்; ஒன்றரை மணி நேரம்தான் பின்தங்கியது, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்தோர் அங்கே வாழ்கிறார்கள். துணைப் பள்ளியை எங்கே தேடுவது என்பவர்களுக்கு, 1988 முதல் பள்ளிகளை இணைத்துவரும் ஐஎர்ன் வலையமைப்பு நல்ல தொடக்கம்.

இதற்கு விடுப்பு வேண்டாம், அனுமதிக்கு அலைய வேண்டாம். ஸ்மார்ட் வகுப்பறை இணையம் ஒழுங்காக இருந்தால் போதும். ஓராண்டு இப்படி ஒரு வெளிநாட்டு ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்தவரின் ஃபுல்பிரைட் விண்ணப்பம் தனியாகத் தெரியும். எழுத அவரிடம் உண்மையான விஷயம் இருக்கும். ஆகவே விமானம் ஏற நினைப்பவர்களும் இதிலிருந்து தொடங்குவதையே நான் சொல்வேன்.

வீட்டை விட்டு நகரவே முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஆரோவில்லின் உதவி பள்ளியும் இசை அம்பலம் பள்ளியும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கானவை. கணிதத்தைப் பிள்ளைகள் தாங்களே இலக்கு வைத்துச் செய்து கற்கும் முறை அங்கே நடக்கிறது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார்க்கலாம். ஆங்கில ஆசிரியர்களுக்குப் பெங்களூரில் தென்னிந்திய ஆங்கில மண்டல நிறுவனத்தின் 30 நாள் பயிற்சி உண்டு; தென்மாநில ஆசிரியர்களோடு ஒரே விடுதியில் தங்குவதே நல்ல பரிமாற்றம். 2023 இல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிய புதுச்சேரி அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு, வேறு மாநில சி.பி.எஸ்.இ. ஆசிரியர்களோடு பழகுவது இப்போதைக்கு வெளிநாட்டைவிட அவசரத் தேவை என்றுகூடச் சொல்லலாம்.

அரசு ஆசிரியர்கள் அனுமதி விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளக்கூடாது. கடவுச்சீட்டு இல்லாமல் எந்த விண்ணப்பமும் கடைசிவரை போகாது. 36 பக்கக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அதைத் துறைக்குத் தெரிவித்துவிட்டு இப்போதே எடுத்து வையுங்கள். வெளிநாடு செல்லும் அனுமதிக் கோப்பு தலைமையாசிரியரிடமிருந்து மாவட்டக் கல்வி அலுவலகம், முதன்மைக் கல்வி அலுவலகம், சென்னை இயக்ககம் என்று ஒவ்வொரு மேசையாகப் போகும். புதுச்சேரியில் மேசைகள் குறைவு. போகும் காலம் பணிக்காலமாகக் கருதப்படுமா, ஈட்டிய விடுப்பா, ஊதியமில்லா விடுப்பா என்பதை ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். பிற்பாடு ஊதிய உயர்வுக்கும் ஓய்வூதியக் கணக்குக்கும் அந்த ஒரு வரிதான் பேசும். அமெரிக்கத் திட்டங்களின் ஜே-1 விசாவில் போய்வருபவர்கள், அங்கே குடியேறவோ வேலை விசா பெறவோ முதலில் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற விதி உண்டு. "போனால் திரும்பி வருவாரா" என்று தயங்கும் அலுவலரிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

ஆக, முப்பத்தைந்து வயதைத் தொடாத தனியார் பள்ளி ஆசிரியர் ஜப்பானைப் பார்க்கட்டும். சிறப்பாசிரியரும், பெரிய பள்ளியில் ஆங்கிலமோ அறிவியலோ நடத்துபவரும் ஆறு வார ஃபுல்பிரைட்டை. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட, வீட்டில் கைகொடுக்க ஆள் இருக்கிற தொடக்கப்பள்ளி ஆசிரியர், மாற்று ஆள் உறுதியானால், நான்கு மாதத்தை. தமிழாசிரியர் இந்தப் பருவமே ஒரு மலேசியத் தமிழ்ப்பள்ளிக்குக் கடிதம் எழுதட்டும். வயதும் விதிகளும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டே பேனாவை எடுங்கள். விண்ணப்பக் கட்டுரையில் "உலகத்தரக் கல்வி" போன்ற சொற்களுக்கு இடம் தராமல், உங்கள் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள், அதற்கு இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருப்பதால் யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். எழுதியதைப் பள்ளியிலேயே ஒரு சக ஆசிரியரிடம் படிக்கக் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளை அவருக்கும் தெரியும்.